ராய்ப்பூர் என்று எழுதிய கை

கல்லாங்காட்டுப்பாளையம் காலனி,
மல்லசமுத்திரம் வழி.
ஜனவரி 18

தம்பி சரவணமுத்துவுக்கு அக்கா அமுதவல்லி எழுதுவது.

போனைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்குக் கடுதாசிதானே எழுத வேண்டும். செங்கோடன் அண்ணன் நீங்கள் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற போர் வண்டிக்கு ராடும் பிட்டும் ஏற்றிக்கொண்டு நாளைக்குத் திருச்செங்கோட்டில் இருந்து லாரி எடுக்கிறார். ராய்ப்பூருக்கு அப்பால் எந்தக் காட்டில் குழி போட்டுக்கொண்டிருந்தாலும் உன்னைக் கண்டுபிடித்து இதைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் மகள் பிரியா நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் எழுதி நிறுத்தத்தான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. போன வாரம் எனக்குக் காய்ச்சல். காலையில் எழுந்து பார்த்தால் அண்டா நிறையத் தண்ணீர். "ஆரு சாமி எடுத்தாந்தது?" என்று கேட்டேன். "நாந்தானுங்க அத்தை. நாலு நடை போனனுங்க" என்கிறாள். பதினோரு வயசுப் பிள்ளை, நாலுவழிச் சாலையைத் தாண்டி, ஆடி மாசம் அவள் அம்மா பாவாயி லாரியில் அடிபட்டுப் போன அதே இடத்தில், அதே பச்சைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு நடை. அன்றைக்கு அந்தக் குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். கோபப்படாமல் படி. பஞ்சாயத்துத் தேர்தலில் நம் வார்டு இந்தத் தடவை பெண்களுக்கு. நான் மெம்பருக்கு நிற்கப் போகிறேன். எதிரே நிற்பது கோழிப்பண்ணை முருகானந்தத்தின் சம்சாரம் கோகிலவாணி. பஞ்சாயத்துக்குப் புது போர் ஒன்று வருகிறது. அதைச் சாலைக்கு அந்தப் பக்கம் பண்ணை ஓரத்தில் போட அவர்கள் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம், காலனிப் புறம்போக்கில், வேப்பமரத்துக்குக் கிழக்கே தண்ணீர் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். நான் ஜெயித்தால் போர் இங்கே. பிரியா ரோட்டைத் தாண்ட வேண்டாம். எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

நம் ஆட்கள் பதினோரு பேர் அந்த ஒரே வண்டியில் இருக்கிறீர்கள். அந்தப் பதினோரு ஓட்டும் விழுந்தால்தான் நான் கரையேறுவேன். ஏப்ரல் ஆறாம் தேதி ஓட்டு. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா.

அக்கா


ராய்ப்பூர் தாண்டி,
பிப்ரவரி 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ கொடுத்தனுப்பிய முறுக்கும் கிடைத்தது, மாவாக.

வர முடியாது.

ஏன் என்று கேட்பாய். எங்களுக்குத் துளை போடும் அடிக்கணக்கில்தான் படிக்காசு. வண்டி ஓடினால் காசு, நின்றால் வெறும் சோறு. வைகாசிக்குள் சம்பாதித்தால்தான் உண்டு, அப்புறம் மழை பிடித்துக்கொள்ளும். பதினோரு பேர் இறங்கினால் வண்டி நின்றுவிடும். நின்ற வண்டிக்கு முதலாளி வேறு ஆள் போட்டுவிடுவார். வடக்கத்திப் பையன்கள் எங்களில் பாதிக் கூலிக்குக் காத்திருக்கிறார்கள்.

நான் பிறந்ததில் இருந்து இரண்டு தடவைதான் ஓட்டுப் போட்டிருக்கிறேன். மற்றபடி ஒவ்வொரு தேர்தலுக்கும் ஏதாவது ஒரு ஊரில் யாருக்காவது தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டு என்பது ஊரில் இருக்கிறவனுக்கு. ஊரில் இருக்க வசதி வேண்டும்.

முருகானந்தத்தைப் பகைக்காதே. நூறு நாள் வேலையில் நீ வருகைப் பதிவு எழுதுவதையும் பிடுங்கிவிடுவார்கள். யானையோடு மோதி எலி ஜெயித்த கதை எங்கேயும் இல்லை.

பிரியாவைத் தண்ணீருக்கு அனுப்பாதே. போன் வாங்கச் சொல்லாதே. பாவாயி போன அன்றைக்குக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. நீ சொன்னது கேட்காமல் மூன்று தடவை "என்னது, என்னது" என்று கத்தினேன். நீயும் மூன்று தடவை சொன்னாய். அதற்கு மேல் அந்தச் சனியனைக் காதில் வைக்க என்னால் ஆகாது.

சரவணமுத்து


கல்லாங்காட்டுப்பாளையம்,
பிப்ரவரி 25

தம்பி,

அனுப்பாதே என்று சுலபமாக எழுதிவிட்டாய். குடிக்க என்ன செய்வது என்று எழுதவில்லையே.

மனு கொடுத்துவிட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். நேற்றுப் பண்ணையில் இருந்து வேன் வந்தது. ஊட்டுக்கு ஒரு அட்டை முட்டை. வாங்க மாட்டேன் என்று நான் கதவைச் சாத்தினேன். பக்கத்து ஊட்டுக்காரி, "ஏனுங்க அமுதாக்கா, முட்டைக்கு என்னங்க பாவம்? தின்னுபோட்டு உங்களுக்கே போடறமுங்க" என்று சிரிக்கிறாள். அவளைத் திட்ட முடியுமா? ஊட்டில் முட்டையைப் பார்த்தே ஒரு மாதம் ஆகிறது, கோழிப்பண்ணைக்கு எதிரிலேயே குடியிருந்துகொண்டு.

அந்த வேனில் வந்தவன் ஒரு வார்த்தை சொன்னான். "உங்க ஆம்பளைங்க ஒருத்தனும் வரமாட்டாங்க, அவனுங்களுக்கு ஊரு ஒரு கேடா" என்றான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏனென்றால் உன் கடிதம் அப்போது என் இடுப்பில் இருந்தது. அவன் சொன்னதைத்தான் நீயும் எழுதியிருந்தாய்.

வசதி இல்லாதவன் ஓட்டுப் போட மாட்டான் என்று தெரிந்துதானே அவர்களுக்கு நம்மைப் பற்றிக் கவலை இல்லை? கவலை இல்லாததால்தானே தண்ணீர் இல்லை? தண்ணீர் இல்லாததால்தானே...

நூறு ஊருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் நீ. உன் பெண்டாட்டி ஒரு குடம் தண்ணீருக்குப் போய்ச் செத்தாள்.

இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் சின்னம் சீப்பு. தலை குளிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் சீப்பு. பிரியா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அம்மா போன பிறகு அப்படிச் சிரித்து இப்போதுதான் பார்த்தேன்.

அக்கா


ராய்ப்பூர் தாண்டி,
மார்ச் 14

அக்கா,

உன் கடிதத்தை நான் ஒருவனாகப் படித்து மடித்து வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அது சட்டைப் பையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ராடு மாட்டுகிற நேரத்தில், இஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பாவாயியைப் பற்றி எழுதியதையும் சேர்த்துத்தான்.

எங்களுக்குச் சமைக்கிற மாரி அண்ணன், "எங்க ஊட்டுலயும் அந்த ரோட்டத் தாண்டித்தான போறாங்க" என்றார். அவ்வளவுதான். அதோடு முடிவாகிவிட்டது.

ஓட்டுப் போட ஊருக்குப் போகிறோம் என்று மேனேஜரிடம் சொன்னோம். முதலில் சிரித்தார். பிறகு, "மெம்பர் எலக்சனுக்கா? எம்.பி. எலக்சனுக்கே ஒருத்தனும் போனதில்லையேடா. எறங்குனா மறுக்கா இந்த வண்டில ஏற முடியாது, பாத்துக்கங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். அவரும் சம்பளக்காரர்தான்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி பதினோரு பேரும் ரயில் ஏறுகிறோம். சீட்டு கிடைக்கவில்லை, நின்றுகொண்டுதான் வர வேண்டும். மூன்றாம் தேதி சேலம்.

பிரியாவிடம் சொல்லாதே. நேரில் பார்க்கட்டும்.

வேப்பமரத்துக்குக் கிழக்கே பதினெட்டு தப்படி. அளந்து ஒரு குச்சி நட்டு வை.

சரவணமுத்து


கல்லாங்காட்டுப்பாளையம்,
மார்ச் 28

சரவணா, சாமி,

கிளம்பாதீர்கள். யாரும் கிளம்ப வேண்டாம்.

இன்றைக்குத்தான் நிற்கிறவர்களுக்கு வாக்காளர் பட்டியல் கையில் கொடுத்தார்கள். ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து விரல் வைத்துத் தேடினேன். உன் பேர் இல்லை. மாரி அண்ணன் பேர் இல்லை. பதினோரு பேரில் ஒருத்தர் பேரும் இல்லை.

கார்த்திகை மாதம் வீடு வீடாக வாக்காளர் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்திருந்தார்கள், அவர்களிடம் ஓடினேன். அவர்கள் ஒரு கட்டுப் பாரத்தை எடுத்துக் காட்டினார்கள். எல்லாம் என் கையெழுத்து.

காலனியில் பத்தாவது படித்தவள் நான்தான் என்று அத்தனை பேருக்கும் நானே பாரம் எழுதிக் கொடுத்தேன். "ஆளு எங்க இருக்காருன்னு எழுதிருங்க" என்று டீச்சர் சொன்னார்கள். கவர்மெண்டு கேட்கிறது, பொய் எழுதக் கூடாது என்று நினைத்தேன். ஒவ்வொரு பாரத்திலும் ஓரமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக எழுதினேன்: ராய்ப்பூர், ராய்ப்பூர், ராய்ப்பூர். பதினோரு தடவை. மேல் ஆபீசில் அதைப் பார்த்துவிட்டு, குடிபெயர்ந்தவர்கள் என்று எடுத்துவிட்டார்கள். எடுத்த பேர்களைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. சரியாக எழுதிக் கொடுத்தவளுக்கு என்ன பயம் என்று இருந்துவிட்டேன்.

முருகானந்தம் மகன் தனுஷ் நாலு வருஷமாக ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அவன் பேர் பட்டியலில் இருக்கிறது. எப்படி என்று கேட்டேன். டீச்சர் அழாத குறைதான். "கேட்டுக்குள்ளயே உடலீங்க. பையன் ஊட்லதான் இருக்கான்னாங்க, எழுதிக்கிட்டனுங்க. நீங்கதான் ராய்ப்பூர்னு எழுதிக் குடுத்துட்டீங்க" என்றார்கள்.

இனிமேல் சேர்க்க முடியாதாம். தாலுகா ஆபீசில் ஒரு மனு கொடுத்திருக்கிறேன். சேலத்து வக்கீல் ஒருத்தர், பார்க்கலாம் என்கிறார்.

மாரி அண்ணன் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. காலையில் இருந்து நாலு தடவை எடுத்தேன். என்ன என்று சொல்வது? வேலையை விட்டுக் கிளம்பி நிற்கிறவர்களிடம், உங்களை அழித்தது நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். செங்கோடன் அண்ணன் நாளைக்குப் போகிறார். அவரிடம் கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட வேண்டும்.

அக்கா


பள்ளிபாளையம்,
ஏப்ரல் 22

அமுதவல்லிக்கு,

நீ அனுப்பாமல் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்த கடிதத்தைப் பிரியாதான் எடுத்துக் கொடுத்தாள். "அப்பா, உங்க பேரு போட்டிருக்குதுங்க" என்றாள். மார்ச் 28 என்று தேதி பார்த்தேன். நாங்கள் ரயில் ஏறியது ஏப்ரல் ஒன்று.

செங்கோடனிடம் கொடுத்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்காது. ஆனால் ஒரு போன். மாரி அண்ணனுக்கு ஒரே ஒரு போன். நான் வண்டியிலேயே இருந்திருப்பேன். அந்தப் பத்துப் பேரும் இருந்திருப்பார்கள்.

நாங்கள் மூன்றாம் தேதி வந்து இறங்கியபோது நீ ஆரத்தி எடுத்தாய். அப்போதாவது சொன்னாயா? வக்கீல் ஏதாவது செய்துவிடுவார் என்று ஆறாம் தேதி காலை வரைக்கும் வாயை மூடிக்கொண்டு எங்களுக்குச் சோறு போட்டாய். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பதினோரு பேர் வரிசையில் நின்றோம். "உங்க பேரு இல்லீங்க, கொஞ்சம் ஒதுங்கிக்கங்க" என்று ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொன்னார்கள். மாரி அண்ணன் மட்டும் கைவிரலை நீட்டிக்கொண்டே நின்றார். மையாவது வைப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒன்பது ஓட்டில் நீ தோற்றாய். அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வண்டியில் இப்போது வேறு ஆட்கள். மாரி அண்ணன் செங்கல் சூளைக்குப் போய்விட்டார். நான் இங்கே சாயப்பட்டறையில் மூட்டை தூக்குகிறேன். உன்னிடம் சொல்லாமல் வந்ததற்குக் காரணம், சொல்ல வாய் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்ற பயம்.

பிரியாவுக்குப் பணம் அனுப்புவேன். எனக்கு எழுதாதே.

சரவணமுத்து


கல்லாங்காட்டுப்பாளையம்,
மே 5

தம்பி,

எழுதாதே என்றாய். ஒரு தடவை மட்டும் எழுதுகிறேன்.

நீ எழுதியது அத்தனையும் நிஜம். ஆரத்தித் தட்டை இறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். அதைச் சந்தோஷம் என்று நீ நினைத்தாய், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய துரோகம். ராய்ப்பூர் என்று எழுதியது தெரியாமல் செய்தது. வாயை மூடியது தெரிந்தே செய்தது.

மற்றப் பத்து ஊட்டுப் பெண்களும் என்னோடு பேசுவதில்லை. தண்ணீருக்குப் போகிற வழியில் எனக்கு முன்னால் நடந்துபோய்விடுகிறார்கள். நான் பின்னால் போகிறேன். பிரியாவை அனுப்புவதில்லை என்று இருந்தேன். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு எழுதுவதை என்னிடம் இருந்து எடுத்துவிட்டார்கள், நீ சொன்ன மாதிரியே. அதனால் விடிவதற்குள் பருத்திக் காட்டுக்குப் போகிறேன். நான் போன பிறகு அவள் குடத்தை எடுத்துக்கொள்கிறாள். கட்டிப் போடவா முடியும்?

வேப்பமரத்துக்குக் கிழக்கே நட்ட குச்சி அப்படியே நிற்கிறது.

அக்கா


திருச்செங்கோடு,
ஜூன் 11

அக்கா,

மூன்று நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும், எனக்கு வேறு யாரும் இல்லை.

சாயப்பட்டறை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே ஒரு பழைய போர் வண்டி இருக்கிறது, சுற்று வட்டாரத்தில் மட்டும் போடுகிறவர்கள். தினக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை எங்கே போகிறோம் என்று கேட்காமலே ஏறினேன். மல்லசமுத்திரம் தாண்டியதும் புரிந்துவிட்டது. இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். இறங்கினால் அன்றைய கூலி இல்லை.

பஞ்சாயத்துப் போருக்குப் பண்ணை ஓரத்தில்தான் பாயிண்ட். எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, பூஜை போட்டார்கள். தலைத் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு நான் ராடு மாட்டினேன். தண்ணீர் வராமல் போகட்டும் என்று ஒவ்வொரு ராடுக்கும் வேண்டிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி நான் வேண்டியதே இல்லை. முந்நூற்று நாற்பது அடியில் பீறிக்கொண்டு வந்தது. நல்ல தண்ணீர் அக்கா. இரண்டு ஊருக்குப் போதும்.

எல்லோரும் கை தட்டினார்கள். மெம்பர் அம்மா கோகிலவாணி வந்து, வழக்கப்படி எனக்குப் புதுத் துண்டு போர்த்தினார்கள். "நல்ல கைராசிக்காரனப்பா நீ" என்றார்கள். பாறை மாவு அப்பி என் முகம் எனக்கே தெரியாது, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்போது சாலைக்கு அந்தப் பக்கம் பிரியா நின்றுகொண்டிருந்தாள். குடம் இடுப்பில். சனம் கூடியிருப்பதைப் பார்த்துத் தண்ணீர் விடுகிறார்கள் என்று நினைத்து வந்திருப்பாள். சேலம் பக்கம் இருந்து லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கால் எடுத்து வைப்பாள், பின்னால் போவாள். மறுபடி எடுத்து வைப்பாள்.

நான் ஓடிப்போய்ச் சாலை நடுவில் நின்றேன். போர்த்திய சிவப்புத் துண்டை விரித்து ஆட்டினேன். லாரிக்காரன் திட்டிக்கொண்டே பிரேக் போட்டான். அவள் தாண்டி வந்தாள். என் பக்கத்தில் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "தேங்க்ஸுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான்தான் அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்துவிட்டு அதைச் சொல்வது? அவள் குடம் நிரம்பும் வரைக்கும் நின்று, மறுபடி ஒரு தடவை வண்டிகளை மறித்துவிட்டு, எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

சரவணமுத்து


கல்லாங்காட்டுப்பாளையம்,
ஜூன் 14

சரவணா,

அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை நான் காட்டில் இருந்து வந்ததும் சொன்னாள். "அப்பா ரோட்டுல நின்னு லாரியெல்லாம் மறிச்சாருங்க அத்தை. நா ஆரோ மாதிரியே வந்துட்டனுங்க. அப்பான்னு கூப்புட்டா அங்கயே அழுதுருவாரு, எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க" என்றாள். சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் உட்கார இடம் தெரியவில்லை.

அந்தத் தண்ணீருக்குப் பண்ணை ஓரத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் பைப் கொண்டுவர முடியாதாம், நெடுஞ்சாலையை வெட்ட அனுமதி இல்லையாம். ஆக, ஒன்றும் மாறவில்லை.

தாலுகா ஆபீசில் இருந்து பேர் சேர்க்கும் பாரம் பதினொன்று வாங்கி வந்திருக்கிறேன். பத்து ஊட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு ஊட்டில் முகத்தில் எறிந்தார்கள், பொறுக்கிக்கொண்டேன். நாளைக்கு மறுபடி போவேன். உன் பாரத்தில் பேர், அப்பா பேர், வயசு எல்லாம் எழுதிவிட்டேன். தற்போது வசிக்கும் இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் எழுதவில்லை. இனி என் கையால் அதை எழுத மாட்டேன். நீ வந்து எழுது.

காலை அஞ்சரைக்கு அந்தக் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள், அப்போதுதான் பிரியா ரோட்டைத் தாண்டுகிறாள். அதற்கு முன்னால் வந்துவிடு.

அக்கா